குற்றம் காணலும் கூறலும்: கணிப்பொறிப் பாதுகாப்புச் சோதனையின் வரலாறு

நூல் ஒன்று உலகிற்குச் செல்லுமுன் அறிஞர் அவையில் அரங்கேற வேண்டும் என்பது தமிழ் மரபு. தொல்காப்பியம் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையத்தில், அதங்கோட்டாசான் முன்னிலையில் அரங்கேறியது என்று அதன் சிறப்புப்பாயிரம் தெரிவிக்கிறது. தடை எழுப்புவோர்க்கும் விடை இறுப்போர்க்கும் அத்தகைய அவைகளில் இடமுண்டு. குற்றம் காண்பவர் நூலின் பகைவராகக் கருதப்படுவதில்லை. அவர் எழுப்பும் வினாக்களால் நூல் வலுப்பெறும். ஆயினும் அவ்வுரிமை அவையின் இசைவுக்கு உட்பட்டது. குற்றம் நூலாசிரியரின் செவிக்கே முதலில் செல்லும். திருத்துவதற்கு வாய்ப்பளித்த பின்னரே நூல் ஊருக்குப் போகும்.

இசைவு, முதற்செவி, திருத்தக் காலம் ஆகிய இம்மூன்றும் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், இலக்கியத்தோடு தொடர்பில்லாத வேறொரு துறையில் பெரும் வழக்காக எழுந்தன. அத்துறை கணிப்பொறிப் பாதுகாப்பு.

கணிப்பொறியின் நினைவகத்தையும் வட்டையும் திரையையும் ஆண்டு, பிற நிரல்கள் இயங்குவதற்கு நிலமாக அமைவது இயங்குதளம். யூனிக்ஸ், விண்டோஸ், லினக்ஸ் என்பன அவ்வகையின. வலையத்தின் வழியே அயலிடத்திலிருந்து வரும் செய்தியை முதலில் வாங்குவதும் அதுவே. வாங்கும் வாயிலில் ஒரு வரி பிழையாக எழுதப்பட்டிருப்பின், செய்தி என்ற போர்வையில் கட்டளை உள்ளே புகுந்துவிடும். ஒரே இயங்குதளம் இலட்சக்கணக்கான பொறிகளில் நிறுவப்பட்டிருப்பதால், ஒரு பிழை அத்தனை பொறிகளுக்கும் பொதுவாகிறது. அப்பிழையைத் தேடுவது குற்றமா, தொண்டா? கண்டவர் யாரிடம் கூற வேண்டும்? எத்துணைக் காலம் வாய் மூடியிருக்க வேண்டும்? இவ்வினாக்களுக்கு ஓரளவு ஒத்துக்கொள்ளப்பட்ட விடை காண, உலகம் முப்பது ஆண்டுகளுக்கு மேல் எடுத்துக்கொண்டது. அதற்குக் கொடுத்த விலையும் சிறிதன்று.

பூட்டுக்காரர் வழக்கு

இவ்வழக்கின் முன்னோடி கணிப்பொறிக்கும் முற்பட்டது. 1851ஆம் ஆண்டு இலண்டன் மாநகரில் பெரும் பொருட்காட்சி நடைபெற்றது. அதற்கு அமெரிக்காவிலிருந்து வந்திருந்த ஆல்ஃபிரெட் சார்லஸ் ஹாப்ஸ் என்னும் பூட்டுத் தொழில் வல்லுநர், திறக்கவியலாதது என்று பெயர்பெற்றிருந்த சப் நிறுவனத்தின் பூட்டைச் சாட்சிகள் முன்னிலையில் ஏறத்தாழ 25 நிமிடங்களில் திறந்தார். பிக்கடில்லியில் இருந்த பிராமா நிறுவனத்தின் கடைச் சாளரத்தில் வேறொரு பூட்டு பல்லாண்டுகளாக வைக்கப்பட்டிருந்தது. அதனைத் திறப்பவர்க்கு 200 கினிப்பொன் பரிசு என்னும் அறைகூவலும் உடனிருந்தது. ஹாப்ஸ் அந்நிறுவனத்தாரோடு உடன்படிக்கை செய்து, நடுவர் குழு பார்க்க, 16 நாட்களில் 51 மணி நேரம் உழைத்து அதனையும் திறந்தார்.

இலண்டன் இதழ்களில் பெருஞ்சொற்போர் மூண்டது. பூட்டின் குறையை ஊரறியச் சொல்வது திருடர்க்குப் பாடம் நடத்துவதாகாதா என்று சிலர் கேட்டனர். ஹாப்ஸின் குறிப்புகளைக் கொண்டு 1853இல் வெளிவந்த பூட்டுகள் பற்றிய நூல் அதற்கு மறுமொழி கூறிற்று. திருடர் தம் தொழிலில் ஏற்கெனவே தேர்ந்தவர்; குறையை மறைப்பதால் அறியாமையில் வைக்கப்படுவோர் பூட்டை நம்பி வாங்கும் நல்லோரே என்பது அதன் சாரம். முப்பது ஆண்டுகள் கழித்து, 1883இல், மொழியியலாளரான ஆகஸ்ட் கெர்க்காஃப்ஸ் மறைகுறியீட்டுக் கலை பற்றி எழுதுகையில் இதற்கு இணையான கருத்தொன்றை நிறுவினார். மறைகுறியீட்டு முறை பகைவர் கையில் சிக்கினாலும் கேடு விளையலாகாது. காக்க வேண்டியது திறவுகோல் ஒன்றே என்றார் அவர்.

ஹாப்ஸின் செயலில் ஒரு கூறு கருதத்தக்கது. அவர் திறந்து காட்டியது போட்டிக்கென முன்வைக்கப்பட்ட பூட்டினை. எந்த வீட்டுக் கதவிலும் அவர் கைவைக்கவில்லை. பின்னாளில் பலர் மறந்த வேறுபாடு இது.

இசைவு பெற்ற தாக்குதல்

1960களில் ஒரே கணிப்பொறியைப் பலர் ஒரே வேளையில் பகிர்ந்துகொள்ளும் முறை பரவிற்று. மறைச்செய்தி கையாளும் அலுவலரும் ஏனையோரும் ஒரே பொறியில் பணிபுரிய நேர்ந்தபோது, ஒருவர் கோப்பினை மற்றொருவர் காணாதவாறு இயங்குதளம் காக்குமா என்னும் ஐயம் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையில் எழுந்தது. வில்லிஸ் வேர் தலைமையிலான குழு 1970இலும், ஜேம்ஸ் ஆண்டர்சன் 1972இலும் அளித்த அறிக்கைகள் அவ்வையத்தை உறுதிப்படுத்தின. இயங்குதளங்களை உடைத்துப் பார்ப்பதற்கென்றே அமர்த்தப்பட்ட குழுக்களுக்குப் ‘புலிப்படை’ என்று பெயர் வழங்கிற்று.

அச்சோதனைகளுள் புகழ்பெற்றது மல்டிக்ஸ் மீது நிகழ்ந்தது. எம்.ஐ.டி., ஜெனரல் எலெக்ட்ரிக், பெல் ஆய்வுக்கூடம் ஆகிய மூன்றும் 1965இல் உருவாக்கத் தொடங்கிய இயங்குதளம் அது. பாதுகாப்பை முதலிலேயே மனத்திற்கொண்டு வடிவமைக்கப்பட்டதெனப் பெருமை பெற்றது. அமெரிக்க வான்படையைச் சேர்ந்த பால் கார்கர், ரோஜர் ஷெல் ஆகிய இருவரும் அதனை ஆராய்ந்து 1974இல் அறிக்கை வெளியிட்டனர். பிற இயங்குதளங்களைவிட மல்டிக்ஸ் மேம்பட்டதே; ஆயினும் அதுவும் உடைபட்டது. தாக்கி வென்றால் பழுது உண்டென நிறுவலாம். தாக்கித் தோற்பதால் பழுதில்லை என நிறுவவியலாது என்னும் பாடம் இத்தகைய ஆய்வுகளிலிருந்து பிறந்தது. இவ்வாய்வுகள் அனைத்தும் உரியவர் பணித்து, உரியவர் அறிய நடந்தவை. அதனால் எவர் பணியும் முடங்கவில்லை. எவரும் நீதிமன்றம் ஏறவில்லை.

1988 நவம்பர் 2

அந்த ஒழுங்கு குலைந்த நாள் 1988 நவம்பர் 2. இணையம் அன்று ஒரு சிற்றூரைப் போன்றது. பல்கலைக்கழகங்களும் ஆய்வுக்கூடங்களும் சேர்ந்து ஏறத்தாழ 60,000 கணிப்பொறிகள் அதில் இணைந்திருந்தன. அண்டை வீட்டாரை நம்பிக் கதவைத் தாழிடாமல் உறங்கும் பழக்கம் அங்கே நிலவிற்று. ஒரு பொறியில் நுழைந்தவர் மறுமுறை கடவுச்சொல் கூறாமலே அடுத்த பொறியில் நுழையலாம் என்னும் ஏற்பாடும் பல இடங்களில் இருந்தது.

கார்னெல் பல்கலைக்கழகத்தில் முதுநிலை மாணவராயிருந்த ராபர்ட் டாப்பன் மாரிஸ், தன்னைத்தானே படியெடுத்துக்கொண்டு பொறிக்குப் பொறி தாவும் நிரலொன்றை எழுதினார். இவ்வகை நிரலுக்குப் புழு என்று பெயர். தம் பல்கலைக்கழகத்தின் தொடர்பு வெளிப்படாதிருக்க, எம்.ஐ.டி. கணிப்பொறி ஒன்றிலிருந்து அன்று மாலை அதனை ஏவினார். பெர்க்லி யூனிக்ஸ் வகை இயங்குதளம் கொண்ட வாக்ஸ், சன் பொறிகளே அதன் இலக்கு.

புழு நுழைந்த வழிகள் இயங்குதளப் பழுதுகளின் இயல்பைத் தெளிவாகக் காட்டுவன. அஞ்சல் கொண்டுசெல்லும் சென்ட்மெயில் நிரலில், பிழை திருத்துவோர்க்கென வைத்த பின்வாயில் பல இடங்களில் அடைக்கப்படாமல் கிடந்தது. அது ஒரு வழி. ஃபிங்கர் என்னும் சேவை இரண்டாவது வழி. இன்ன பயனர் யார், இப்போது பணியில் உள்ளாரா என்று வினவுவோர்க்கு விடை கூறுவது அச்சேவை. வரும் வினாவை எழுதிவைக்க 512 எழுத்துகள் கொள்ளும் இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. வினாவின் நீளத்தை அளக்க எவரும் முற்படவில்லை. சி மொழியில் அதற்குப் பயன்பட்ட ‘கெட்ஸ்’ என்னும் செயற்கூறு நீளத்தைப் பாராமல் வருவதையெல்லாம் வாங்கி எழுதும் இயல்புடையது. புழு 536 எழுத்துகளை அனுப்பிற்று. மிகுந்த எழுத்துகள் அடுத்த நினைவிடத்தில் வழிந்தன. பணி முடிந்ததும் நிரல் எங்கே திரும்ப வேண்டும் என்னும் குறிப்பை அழித்துவிட்டுத் தமக்கு வேண்டிய குறிப்பை அங்கே பதித்தன. வழிப்போக்கன் கையிலுள்ள ஊர்ச்சீட்டை மாற்றி எழுதியதற்கு ஒப்பானது இது. பின்னாளில் எண்ணற்ற தாக்குதல்களுக்கு வாய்ப்பாடான இவ்வுத்திக்கு மூலமாயிருந்த ‘கெட்ஸ்’, சி மொழியின் 2011ஆம் ஆண்டுத் தரநூலிலிருந்துதான் நீக்கப்பட்டது.

கடவுச்சொல் ஊகம் இன்னொரு வழி. பயனரின் பெயர், அதனைத் திருப்பி எழுதிய வடிவம், புழுவோடு உடன் சென்ற 432 சொற்களின் பட்டியல் ஆகியவற்றைப் புழு முயன்று பார்த்தது. பல கதவுகள் அவற்றுக்கே திறந்தன.

மாரிஸ் எந்தக் கோப்பையும் அழிக்கும்படி எழுதவில்லை. அவர் செய்த பிழை வேறு. தன் படி முன்பே இருக்கும் பொறியில் புழு மீண்டும் குடியேறாதிருக்க, முதலில் ஒரு வினா எழுப்பும். பொறியைக் காப்போர் பொய்விடை அளித்துத் தடுத்துவிடக் கூடுமென எண்ணி, ஏழு முறைக்கு ஒரு முறை விடையைப் பொருட்படுத்தாமல் தங்கிவிடும்படி அவர் அமைத்தார். அக்கணக்கு பெரிதும் தவறிற்று. ஒரே பொறியில் படிமேல் படி குவிந்து, பிற பணி எதற்கும் இடமின்றிப் பொறிகள் திணறி நின்றன. ஏறத்தாழ 6,000 பொறிகள் தாக்குண்டன என்பது அன்றைய மதிப்பீடு. நிலைமை கைமீறியதும் ஹார்வர்டிலிருந்த நண்பர் ஒருவர் துணையோடு, புழுவைத் தடுக்கும் வழியைக் கூறும் பெயரற்ற செய்தியொன்று அனுப்பப்பட்டது. வலையம் அடைபட்டுக் கிடந்தமையால் அச்செய்தி உரிய வேளையில் சென்று சேரவில்லை. பெர்க்லியிலும் எம்.ஐ.டி.யிலும் பர்டியூவிலும் இருந்த வல்லுநர் இரவு பகலாகப் புழுவைக் கூறுபோட்டு ஆராய்ந்து மாற்று கண்டனர்.

மாரிஸின் தந்தையார் அமெரிக்க அரசின் கணிப்பொறிப் பாதுகாப்பு மையத்தில் தலைமை அறிவியலர். யூனிக்ஸின் கடவுச்சொல் பாதுகாப்புப் பற்றிக் கென் தாம்ப்சனோடு சேர்ந்து 1979இல் கட்டுரை எழுதியவர். அத்தகையவரின் மகன், 1986ஆம் ஆண்டுக் கணிப்பொறி மோசடிச் சட்டத்தின்கீழ் நடுவர் குழுவின் முன் விசாரிக்கப்பட்டு 1990இல் குற்றவாளியெனத் தீர்க்கப்பட்டார். மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு, 400 மணி நேரச் சமுதாயப் பணி, 10,050 டாலர் தண்டம் என்பது தீர்ப்பு. 1991இல் மேல்முறையீட்டு மன்றம் அதனை உறுதி செய்தது.

அத்தீர்ப்பில் இரு செய்திகள் பொதிந்துள்ளன. வலையங்களின் பாதுகாப்புக் குறைகளை மெய்ப்பித்துக் காட்டுவதே அந்நிரலின் நோக்கம் என்பதை மன்றமே குறித்தது. ஆயினும் கேடு விளைவிக்கும் எண்ணம் இருந்ததா என்பது வினாவன்று, இசைவின்றி நுழையும் எண்ணம் இருந்ததா என்பதே வினா என்று அது சட்டத்திற்குப் பொருள் கண்டது. நோக்கம் நன்றாயினும் இசைவில்லையெனில் காப்பில்லை என்பது அன்று நிலைபெற்றது.

மௌனமும் முழக்கமும்

புழு வந்த அதே மாதத்தில், அமெரிக்கப் பாதுகாப்பு ஆய்வு அமைப்பின் நிதியுதவியோடு கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் செர்ட் என்னும் ஒருங்கிணைப்பு மையம் நிறுவப்பட்டது. பழுது கண்டோர் அம்மையத்திடம் தெரிவித்தால், அது உரிய நிறுவனத்திற்குச் சொல்லித் திருத்தம் பெற்றபின் பொதுமக்களை எச்சரிக்கும். ஏற்பாடு நன்றே. ஆனால் திருத்தத்திற்குக் காலவரை இல்லாமையால், கூறப்பட்ட பழுதுகள் சில திங்கட்கணக்கில் கிடப்பில் கிடந்தன என்னும் மனக்குறை வளர்ந்தது. கண்டவர் வாய் மூடியிருக்க, பழுதோ வாய் திறந்திருந்தது. இந்த மௌனத்திற்கு எதிர்வினையாக 1993இல் பக்டிராக் என்னும் மடற்குழு எழுந்தது. கண்ட குறையை மறைவின்றி அனைவர்க்கும் அறிவித்துவிடுவது அதன் நெறி. ஊரறிந்த பின்னர் நிறுவனங்கள் விரைந்து செயற்பட்டன; அதே செய்தியைப் படித்த தீயோரும் விரைந்தனர்.

1995 ஏப்ரலில் டான் ஃபார்மரும், நெதர்லாந்தின் வீட்சா வெனெமாவும் சாத்தான் என்று பெயரிட்ட கருவியை இலவசமாக வெளியிட்டனர். ஒரு வலையத்திலுள்ள பொறிகளை வெளியிலிருந்து தட்டிப் பார்த்து, அறியப்பட்ட பழுதுகள் எங்கெங்கே உள்ளன என்று பட்டியலிடும் கருவி அது. தன் வலையத்தைத் தானே தாக்கிப் பார்ப்பதால் காக்கலாம் என்னும் கருத்தை இவ்விருவரும் 1993இலேயே ஒரு கட்டுரையில் விளக்கியிருந்தனர். கருவி வெளிவருமுன் இதழ்கள் எழுப்பிய அச்சம் பெரிது. வெளிவந்தபின் இணையம் இடிந்துவிடவில்லை. பெயரால் மனம் நொந்தோர்க்காக, சாத்தானைச் சாண்டா என மாற்றித் தரும் சிறு நிரலொன்றும் உடன் வழங்கப்பட்டது. 1997இல் வந்த என்மேப் முதலிய கருவிகள் இவ்வழியை மேலும் அகலமாக்கின. மருத்துவரின் கையிலும் கொலைஞனின் கையிலும் இருக்கக்கூடியது கத்தி. யாருடைய உடலில், யாருடைய இசைவோடு என்பதே வேறுபாடு.

நன்மை செய்ய வந்த புழு

முழக்கத்தின் விலை 2003இல் தெரிந்தது. டேவிட் லிட்ச்ஃபீல்ட் என்னும் ஆய்வாளர் மைக்ரோசாஃப்டின் தரவுத்தள நிரலில் ஒரு பழுது கண்டு அந்நிறுவனத்திற்குத் தெரிவித்தார். 2002 ஜூலையில் திருத்தம் வந்தது. அதன்பின் நடந்த மாநாட்டில் பழுதை மெய்ப்பிக்கும் நிரலை அவர் காட்டினார். 2003 ஜனவரி 25 அன்று ஸ்லாம்மர் புழு கிளம்பிற்று. 376 எழுத்தளவே உடைய அது, தாக்கத்தக்க பொறிகளுள் நூற்றுக்குத் தொண்ணூறைப் பத்து நிமிடங்களுக்குள் பற்றிக்கொண்டது. வங்கிகளின் பணம் வழங்கும் பொறிகளும் அவசர உதவித் தொலைபேசி நிலையமும் செயலிழந்தன. திருத்தம் ஆறு திங்களாக இருந்தும் பெரும்பாலோர் அதனை நிறுவவில்லை. லிட்ச்ஃபீல்ட் எழுதிக் காட்டிய நிரலின் சாயல் புழுவில் காணப்பட்டது. இத்தகைய நிரல்களை வெளியிடலாமா என்னும் ஐயத்தை அவரே பின்னர் வெளிப்படுத்தினார்.

அதே ஆண்டு ஜூலையில் போலந்து நாட்டு ஆய்வுக் குழு ஒன்று விண்டோஸ் இயங்குதளத்திலேயே பெரியதொரு பழுதைக் கண்டு தெரிவித்தது. திருத்தம் வந்தபோதும் அக்குழு தாக்கும் நிரலை வெளியிட மறுத்தது. ஆனால் திருத்தத்தையே ஆராய்ந்து பிறர் அந்நிரலை எழுதிவிட்டனர். ஆகஸ்ட் 11 அன்று பிளாஸ்டர் புழு பரவிற்று.

ஒரு வாரத்தில் வெல்ச்சியா என்னும் மற்றொரு புழு தோன்றியது. இது பொறிக்குள் அதே பழுதின் வழியே நுழைந்து, பிளாஸ்டரை அகற்றி, மைக்ரோசாஃப்டின் திருத்தத்தை இறக்கி நிறுவ முயன்றது. 2004 பிறந்தால் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும்படியும் எழுதப்பட்டிருந்தது. நோய் தீர்க்க வந்ததெனச் சிலர் மகிழ்ந்தனர். ஆனால் அடுத்த பொறியைத் தேடி அது எழுப்பிய ஓயாத அழைப்புகளால் வலையங்கள் அடைபட்டன. ஏர் கனடாவின் பயணப்பதிவு தாமதப்பட்டது. அமெரிக்கக் கடற்படையின் உள்வலையமும் தடுமாறிற்று. இசைவின்றிச் செய்த மருத்துவமும் நோயாகவே முடிந்தது. மாரிஸ் வழக்கில் மன்றம் சட்டத்தின் சொல்லால் கூறியதை வெல்ச்சியா நிகழ்ச்சியால் காட்டிற்று.

மைக்ரோசாஃப்டும் இக்காலத்தில் பாடம் கற்றது. பில் கேட்ஸ் 2002 ஜனவரியில் பணியாளர்க்கு எழுதிய மடலில், புதிய வசதியைவிடப் பாதுகாப்பே முதன்மை என்றார். திருத்தங்களைத் திங்கள்தோறும் குறித்த ஒரு நாளில் வெளியிடும் வழக்கம் 2003 அக்டோபரில் தொடங்கிற்று. 2004இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பியின் இரண்டாம் தொகுப்பு, தீயரணை இயல்பாகவே எழுப்பி வைத்தது.

காத்திருந்த கமுக்கம்

பொறுப்புடன் கூறுதலுக்கு எடுத்துக்காட்டு வேண்டுமெனில் 2008ஆம் ஆண்டைக் காணவேண்டும். இணையத்தில் ஒரு பெயரைத் தட்டினால் அதற்குரிய எண்ணைத் தேடித் தருவது பெயர்ப் பதிவேட்டு முறை. யூனிக்ஸ், விண்டோஸ் முதலிய இயங்குதளங்கள் அனைத்தும் அதனை நம்பியே இயங்குகின்றன. வினவிய வழங்கிக்கு மெய்விடை வருமுன் பொய்விடை அனுப்பினால் ஏமாற்றலாம் என்பது முன்பே தெரிந்திருந்தது. வினாவின் எண்ணும் விடையின் எண்ணும் ஒத்திருக்க வேண்டும். 65,536 எண்களில் ஒன்றை ஊகிக்க வேண்டும். தவறினால் வழங்கி மெய்விடையை நினைவில் வைத்துக்கொள்ளும்; மறுமுயற்சிக்கு நெடுநேரம் காத்திருக்க வேண்டும். இக்காத்திருப்பையே காவலென உலகம் நம்பியிருந்தது.

டான் காமின்ஸ்கி அக்காவல் பொய்யெனக் கண்டார். ஒரு நிறுவனத்தின் பெயரின்கீழ் இல்லாத பெயர்களை வரிசையாக வினவச் செய்தால், ஒவ்வொன்றும் புதியதோர் ஊக வாய்ப்பாகும். ஒருமுறை ஊகம் பலித்தால், விடையோடு இணைத்து அனுப்பும் துணைக்குறிப்பால் அந்நிறுவனத்தின் முழுப் பெயரையும் கைப்பற்றிவிடலாம். வங்கியின் பெயரைத் தட்டுபவர் திருடனின் வாயிலுக்குச் செல்வார்; அறிய வழியிருக்காது.

அவர் இதனை உலகிற்கு முழங்கவில்லை. தாமே எங்கும் ஏவிப் பார்க்கவுமில்லை. பெயர்ப் பதிவேட்டுத் துறையின் மூத்தவரான பால் விக்சி முதலியோரிடம் கூறினார். 2008 மார்ச் 31 அன்று ரெட்மண்டிலுள்ள மைக்ரோசாஃப்ட் வளாகத்தில் 16 பேர் கூடினர். வணிகத்தில் ஒருவரோடொருவர் போட்டியிடும் நிறுவனங்கள் ஒன்றாய் அமர்ந்து, ஒரே நாளில் திருத்தம் வெளியிட முடிவு செய்தன. வினா புறப்படும் வாயிலின் எண்ணையும் ஒவ்வொரு முறையும் மாற்றினால், ஊகிக்க வேண்டிய வாய்ப்புகள் பல்லாயிரம் மடங்கு பெருகும் என்பதே திருத்தம். வியப்பென்னவெனில், திருத்தத்தைப் பார்த்தும் பழுது இன்னதென எளிதில் கண்டுபிடிக்க இயலாது. ஜூலை 8 அன்று திருத்தங்கள் வெளிவந்தன. ஆகஸ்ட் 6 அன்று மாநாட்டில் தாம் விளக்கும்வரை ஒரு திங்கள் ஊகம் வெளியிடாதிருக்குமாறு காமின்ஸ்கி பிற ஆய்வாளரை வேண்டினார்.

அவரைத் தன்விளம்பரம் தேடுபவர் என ஏசினோரும் உண்டு. பதின்மூன்றாம் நாள், ஜூலை 21 அன்று, ஓர் ஆய்வாளரின் பொதுவெளி ஊகத்தைத் தொடர்ந்து, உண்மையை முன்பே அறிந்திருந்த நிறுவனமொன்றின் விளக்கம் தவறுதலாக வெளியாகிவிட்டது. கமுக்கம் முழுமையாகக் காக்கப்படவில்லை. எனினும் மூன்று திங்களுக்கு மேல் காக்கப்பட்டு, திருத்தம் முந்திக்கொண்டது. அம்முந்தல் போதுமானதாயிற்று. 2021இல் தம் 42ஆம் வயதில் காமின்ஸ்கி மறைந்தபோது, அவர் பெயர் சொல்லி நினைவுகூர்ந்தோர் போற்றியது பெரும்பாலும் அவர் காத்த பொறுமையையே.

அரசின் மௌனம்

பழுதைக் கண்டு கூறாமலே வைத்துக்கொள்வதன் விளைவு 2017இல் வெளிப்பட்டது. விண்டோஸின் கோப்புப் பகிர்வு முறையிலிருந்த ஒரு பழுதை அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமை தன் உளவுப் பணிக்கெனக் காத்து வைத்திருந்தது. அதற்கென எழுதிய கருவிக்கு எட்டர்னல்புளூ என்று பெயர். மைக்ரோசாஃப்ட் 2017 மார்ச் 14 அன்று திருத்தம் வெளியிட்டது. ஏப்ரல் 14 அன்று ஷேடோ புரோக்கர்ஸ் என்னும் மறைவுக் குழு அக்கருவியை ஊரறிய வெளியிட்டது. மே 12 அன்று வான்னாக்ரை என்னும் புழு அதனைப் பற்றிக்கொண்டு நாடு நாடாகப் பரவி, கோப்புகளைப் பூட்டிப் பணயத்தொகை கேட்டது.

இங்கிலாந்தின் அரசு மருத்துவ அமைப்பு பெரிதும் அடிபட்டது. அந்நாட்டுத் தணிக்கை அலுவலகத்தின் கணக்குப்படி 236 மருத்துவ அறக்கட்டளைகளுள் குறைந்தது 81 பாதிக்கப்பட்டன. 19,000க்கு மேற்பட்ட மருத்துவச் சந்திப்புகள் கைவிடப்பட்டிருக்கும் என மதிப்பிடப்பட்டது. அறுவைக்கென நாள் குறித்துக் காத்திருந்த நோயாளி, தன்னைத் திருப்பி அனுப்பியது எங்கோ ஒரு நிரலின் ஒரு வரி என்பதை அறிந்திருக்க வழியில்லை. பழுதைக் கண்டவர் வாய் மூடியிருந்ததும், திருத்தம் வந்தபின் நிறுவவேண்டியோர் நிறுவாதிருந்ததும் சேர்ந்தே அந்நாளை உண்டாக்கின.

நெறிகள் பிறந்த விதம்

இத்தனை பட்டறிவிலிருந்தும் நெறிகள் மெல்ல உருப்பெற்றன. செர்ட் மையம் 2000ஆம் ஆண்டில் 45 நாள் என்னும் வரையறையை ஏற்றது. அதற்குள் திருத்தம் வந்தாலும் வாராவிடினும் பழுது வெளியிடப்படும். கூகுள் 2014இல் அமைத்த புராஜெக்ட் ஜீரோ என்னும் குழு 90 நாள் என்று வகுத்தது. காலவரை என்பது மௌனத்திற்கும் முழக்கத்திற்கும் இடையே கண்ட நடுவழி. நிறுவனத்திற்குத் திருத்தக் காலம் கிடைக்கிறது. மக்களுக்கு அறியும் உரிமையும் அழியாமல் இருக்கிறது. 2014இல் பன்னாட்டுத் தர அமைப்பும் பழுது வெளியீட்டுக்கென ஒரு தரநூல் வெளியிட்டது.

சோதனை செய்வோர்க்கும் விதிகள் வகுக்கப்பட்டன. பொறிக்கு உரியவரிடம் எழுத்தில் இசைவு பெறவேண்டும். எந்தெந்தப் பொறி, எந்த நாள் முதல் எந்த நாள் வரை என எல்லை குறிக்கவேண்டும். பழுது உண்டென்பது மெய்ப்பட்டதும் அங்கேயே நிற்கவேண்டும். பிறர் கோப்புகளைப் படிப்பதோ படியெடுப்பதோ கூடாது. உள்ளே வைத்த எதனையும் அகற்றிவிட்டு வெளிவர வேண்டும். கண்டதனைத்தையும் உரியவருக்கு மட்டும் அறிக்கையாக அளிக்கவேண்டும்.

இந்நெறியை மதிப்போரை அரசும் அழைக்கத் தொடங்கிற்று. 2016இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை தன் இணையத்தளங்களை உடைத்துப் பார்க்குமாறு பதிவு செய்துகொண்ட ஆய்வாளரை அழைத்தது. 138 பழுதுகள் ஏற்கத்தக்கனவாய்க் கிடைத்தன. கண்டவர்க்குப் பரிசும் வழங்கப்பட்டது. 2022 மே மாதத்தில் அந்நாட்டு நீதித்துறை, நன்னோக்கத்தோடு செய்யும் பாதுகாப்பு ஆய்வின்மீது 1986ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வழக்குத் தொடுக்கலாகாது எனத் தன் வழக்கறிஞர்க்கு அறிவுறுத்திற்று. மாரிஸைத் தண்டித்த அதே சட்டம் அது.

முடிவுரை

மாரிஸும் காமின்ஸ்கியும் இருபது ஆண்டு இடைவெளியில் வாழ்ந்து ஒரே வகையான உண்மையைக் கண்டவர்கள். இணையம் முழுவதையும் நிலைகுலைக்கத்தக்க பழுது இருவர் கையிலும் இருந்தது. அறிவில் ஒருவர் மற்றவருக்குக் குறைந்தவரல்லர். மாரிஸ் பின்னாளில், தாம் புழுவை ஏவிய அதே எம்.ஐ.டி.யில் பேராசிரியரானார். தீய எண்ணமும் இருவர்க்கும் இருந்ததில்லை. ஒருவர் மெய்ப்பித்த பின்னர் கூற முயன்றார். அப்போது கூறுவதற்கு வலையமே இல்லை. மற்றவர் கூறிய பின்னர் காத்திருந்தார். காத்திருந்த காலத்தில் உலகம் தன் கதவைச் சீர்செய்துகொண்டது.

பழுதற்ற நிரலை எழுதியவர் இதுவரை எவருமிலர். ஆகவே குற்றம் காண்போர் என்றும் வேண்டப்படுவர். அவர்க்கு இடமளிக்காத நிறுவனம் வான்னாக்ரை போன்றதொரு நாளைத் தன் வாயிலுக்கே அழைத்துக்கொள்கிறது. இடம் கேளாமல் நுழையும் ஆய்வாளர் வெல்ச்சியாவை எழுதியவரின் வழியில் செல்கிறார். கேட்டு நுழைந்து, கண்டு நின்று, உரியவருக்கு முதலில் உரைத்து, நாள் குறித்துக் காத்திருப்பவரே இவ்வரலாற்றில் தொண்டராக நிலைபெற்றவர். கவிதையையும் உரைநடையையும் அவையில் வைத்துத் திறனாய்ந்து பழகிய எவர்க்கும் இந்நெறி புதிதாகத் தோன்றாது.